ஆறாம் எண் கிளிப்

சொந்த ஊர் மெத்லாவியிலிருந்து ஆட்டம் பார்க்க வந்துகொண்டிருந்த பேருந்து மஸ்ஸூனாவைத் தாண்டியதும் புகை கக்கி நின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது, நெஸ்ரீனுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அந்தப் பேருந்தில் அவள் அம்மா மப்ரூக்கா இருந்தாள். தோற்பது ஒரு கஷ்டம். அம்மா கண் முன்னால் தோற்பது அதைப்போல நாலு மடங்கு.

இந்த ரோபோப் போட்டியில் தோற்றால் கைவிட்டுப் போவது கோப்பை இல்லை. கோப்பை வெறும் தகரம். ஜெயிக்கிற அணியின் மூன்று பேரையும் இத்தாலியில் டூரின் நகரத்துப் போட்டிக்கு அனுப்புவார்கள். அழைப்புக் கடிதம், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. டூரினிலிருந்து மிலானுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. நெஸ்ரீன் அந்த ரயில்களின் நேரத்தையே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். மிலானில் அவள் அண்ணன் அனீஸ் இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், போட்டி நடக்கிற இதே ஸ்ஃபாக்ஸ் கடற்கரையில், இதே ஊர் மண்ணில் காலை வைத்துப் படகு ஏறியவன். காகிதம் இல்லாத ஆள். திரும்பி வந்தால் மறுபடி போக முடியாது, அதனால் வர மாட்டான். இவர்கள் போகலாம் என்றால் விசா கிடைக்காது. அம்மா இரண்டு தடவை, மகள் இரண்டு தடவை, தலைநகர் தூனிஸ் வரை போய் வரிசையில் நின்று, நாலு தடவையும் ஒரே வாசகம் அச்சடித்த காகிதத்தோடு திரும்பி வந்தார்கள்.

ஆனாலும் மப்ரூக்கா பை கட்டிவிட்டாள். வறுத்து அரைத்த ப்ஸீஸா மாவு இரண்டு கிலோ, ஒரு பாட்டில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, மகனின் கால் அளவு இப்போது என்ன என்று தெரியாமலே பின்னிய ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. அணி தேர்வான அன்றைக்கே பையின் வாயைச் சணல் ஊசியால் தைத்தும் ஆகிவிட்டது.

"அம்மா, இன்னும் ஒண்ணுமே ஆகல. நாங்க ஜெயிச்சாத்தான் இத்தாலி" என்று நெஸ்ரீன் சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஜெயிச்சுட்டு வந்து வாசல்ல நிக்கிறப்பதான் நான் மாவு வறுக்க ஆரம்பிக்கணுமா? போடி. எனக்குத் தெரியும் எப்ப என்ன செய்யணும்னு."



கஃப்ஸா கல்லூரியில் இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து கட்டிய ரோபோவுக்கு ஸ்லூகி என்று பெயர், அந்தப் பக்கத்து ஒல்லி வேட்டை நாயின் பெயர். முன்னால் கொத்தனார் கரண்டி மாதிரி ஒரு எஃகுத் தகடு, பக்கத்துக்கு இரண்டு சக்கரம், எடை மூன்று கிலோ. விளையாட்டு ரொம்ப எளிது: ஒரு கறுப்பு வட்டப் பலகை, அதில் இரண்டு ரோபோ, எது எதை வெளியே தள்ளுகிறதோ அது ஜெயித்தது. மூன்று ஆட்டம், இரண்டை எடுத்தவனுக்கு வெற்றி. இரும்பு வேலை ஸுஹைர்; வாயைத் திறக்காத பையன், திறந்தால் நட்டு போல்ட்டைப் பற்றித்தான் பேசுவான். ரிமோட்டைப் பிடித்து ஓட்டுகிறவன் வஜ்தி. ஃபாஸ்பேட் ரயில் ஓட்டுநரின் மகன், கையில் நிதானம் உண்டு, நாக்கில் கிடையாது. ரிமோட்டும் ரோபோவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற வேலை நெஸ்ரீனுடையது. பேசிக்கொள்வது என்றால் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் வாங்குகிற அதே கட்டை விரல் அகல வைஃபை பலகைதான். ரோபோவில் ஒன்று, ரிமோட்டில் ஒன்று. நடுவில் இருக்கிற காற்று பொதுச் சொத்து. அங்கே யார் கத்தினாலும் எல்லார் பேச்சும் கெடும்.

அதற்காகத்தான் தலைமை நடுவர் மொன்ஸெஃப் ஐயா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அவர் மேசைக்கு மேலே ஒரு கயிறு. கயிற்றில் துணி காயப்போடுகிற மரக் கிளிப் மூன்று: ஒன்று, ஆறு, பதினொன்று. அது அலைவரிசை எண். ஆட வருகிறவன் தன் எண் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் சட்டையில் இல்லாமல் எவனாவது ரிமோட்டை உயிர்ப்பித்தான் என்றால், அவன் வீட்டுக்குப் போகலாம். இந்த விஷயத்தில் பெற்ற மகனுக்கும் இரக்கம் காட்டாத மனிதர் என்று பெயர்.

காலை எட்டு மணிக்கு அரங்கம் காலியாக இருந்தபோது நெஸ்ரீன் தன் போனை எடுத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தாள். எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். ஆறு துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஆறாம் எண் கிளிப்பை எடுத்து வஜ்தியின் சட்டைக் காலரில் மாட்டிவிட்டாள்.

"மாப்பிள்ளைக்குப் பூ வைக்கிற மாதிரி வைக்கிறா பாரு" என்றான் வஜ்தி.

"மூஞ்சிக்கு அதுதான் குறைச்சல். ஒழுங்கா ஓட்டு."

ஒழுங்காகத்தான் ஓட்டினான். மதியத்துக்குள் நாலு அணியைத் தள்ளியாகிவிட்டது. ஸூஸ்காரர்களை ஏழு வினாடியில். அரையிறுதியில் பிஸெர்த்துக்காரர்களின் ரோபோ வட்டத்துக்கு வெளியே குப்புற விழுந்து சக்கரம் சுழலக் கிடந்தபோது, ஸுஹைரே ஒரு முழு வாக்கியம் பேசினான்: "நம்ம தகடு நல்ல தகடு."

இறுதியில் எதிரே நிற்கப்போவது உள்ளூர் ஸ்ஃபாக்ஸ் அணி. அவர்கள் கிளிப் பதினொன்று.

வறுத்த காய்கறிக் கஃப்தாஜி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது அரங்கத்தின் கதவுப் பக்கம் தாரை தப்பட்டை கேட்டது. பழுதான பேருந்தை எவனோ ஒரு லாரி மெக்கானிக் சரி பண்ணிக் கொடுத்துவிட்டான். மெத்லாவி வந்து சேர்ந்துவிட்டது. நாற்பது பேர். கொடி, மத்தளம், முட்டை அவித்துக் கட்டிய மூட்டை. முன்னால் மப்ரூக்கா, இடுப்பில் அந்தத் தைத்த பை.

"அதை எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே?"

"ஜெயிச்ச கையோட குடுத்தனுப்பிடலாம்னுதான்."

"இன்னைக்கே விமானம் ஏத்தப்போறாங்களா?"

"ஏத்தினா? அப்ப மெத்லாவிக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வரச் சொல்றியா?"

வட்டத்துக்கு மிக அருகில், வலைத் தடுப்பை ஒட்டி, முதல் மூன்று வரிசை காலியாக இருந்தது. மெத்லாவிக் கூட்டம் அங்கே உட்கார்ந்து நிறைந்தது. இத்தனை கிட்டத்தில் சொந்த ஜனம் இருந்தால் இனி யாரும் அசைக்க முடியாது என்று வஜ்தி மார் தட்டினான். உண்மையில் அந்த நேரம் நெஸ்ரீனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா வராமல் இருந்தால் நல்லது என்று காலையில் நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

இங்கே மப்ரூக்காவின் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அனீஸுடைய போன். படகுக்குப் போன அன்று, தண்ணீரில் விழுந்தால் வீணாகிவிடும் என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். தான் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அந்தப் போனுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மிலானிலிருந்தே நெட் போட்டுவிடுவான். பத்து ஜீபி. அம்மா அதைத் தனியாக வைத்துக்கொண்ட நாள் கிடையாது. மருத்துவமனை வரிசையில், கல்யாண வீட்டில், ரொட்டிக் கடையில், பக்கத்தில் யார் "அக்கா, கொஞ்சம் நெட்" என்றாலும் பகிர்ந்துவிடுவாள். வாரத்தில் நாலு நாள் குழாயில் தண்ணீர் வராத ஊர் அது.

"தண்ணி கேட்டா இல்லேங்கிறோம். நெட்டையாச்சும் குடுக்கலாம்ல?" என்பாள்.

ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் அடித்துக் கொடுக்க முடியவில்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று புலம்பியபோது, அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது நெஸ்ரீன்தான். போன வருடம். அவள் அதை அப்போதே மறந்துவிட்டாள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவன் ஃபத்ஹி. கல்யாண வீடுகளில் அறிவிப்புச் செய்து பழகியவன். இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேச்சைப் பிரெஞ்சிலேயே விளாசினான். வைஃபையையும் நெட் பகிர்வதையும் அணைத்துவிடுங்கள் என்று அவன் சொன்னதும் பிரெஞ்சில்தான் போயிற்று. மெத்லாவி வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்பது மட்டும் புரிந்தது. நல்ல ஜனங்கள், சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். நாற்பது பேரும் மரியாதையாக மணிச் சத்தத்தை அணைத்து வைத்தார்கள்.

முதல் ஆட்டம் தொடங்கியது. ஸ்ஃபாக்ஸ்காரர்களின் ரோபோ சதுரமாக, கறுப்பாக, பார்க்கவே பயமாக இருந்தது. ஸ்லூகி இடது பக்கம் போவது போல் போய், வலது பக்கம் திரும்பி, அதன் விலாவில் தகட்டைச் செருகியது. பதினோரு வினாடி. கறுப்புப் பெட்டி வெளியே.

மெத்லாவி எழுந்து நின்றது. மத்தளம் கிழிந்துவிடும் போல் அடித்தார்கள். மப்ரூக்கா குலவையிட்டாள், அடிவயிற்றிலிருந்து கிளம்பிய நீளமான குலவை, கூரை வரை போயிற்று. இன்னும் ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம். நெஸ்ரீனுக்கு மிலான் ரயில் நிலையமே கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணன் இளைத்திருப்பானா, பார்த்ததும் தன்னை அடையாளம் கண்டுகொள்வானா என்றெல்லாம் மனம் ஓடியது. அப்படி ஓட விட்டிருக்கக் கூடாது. வெண்ணெய் திரளும்போதுதான் தாழிக்குக் கேடு.

திரும்பிப் பார்த்தபோது அம்மா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் அனீஸ் தெரிந்தான். ஏதோ ஒரு கிடங்கில், தலையில் வேலைத் தொப்பியோடு.

"பாருடா! உன் தங்கச்சியப் பாரு! இன்னும் ஒண்ணுதான்!"

அம்மா மட்டும் இல்லை. சுற்றிலும் இருந்த எட்டுப் பேர் கையிலும் போன் எழும்பிவிட்டது. ஊரில் இருக்கிறவர்களுக்கு நேரலை காட்ட வேண்டாமா? தோற்கிற ஆட்டத்தை யாரும் காட்டுவதில்லை. ஜெயித்ததால்தான் காட்டினார்கள். நெஸ்ரீன் அதைப் பார்த்துச் சிரித்தாள், கைகூட அசைத்தாள். அவ்வளவு பேருக்கும் நெட் எங்கிருந்து வருகிறது என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் ஸ்லூகி புறப்பட்டது, நின்றது. மறுபடி புறப்பட்டது. மூச்சு வாங்குகிற கிழ நாய் மாதிரி விட்டு விட்டு ஓடியது. வஜ்தி ரிமோட்டை உடைத்துவிடுவது போல் அமுக்கினான். இடப்பக்கம் திருப்பினால் ஒரு வினாடி கழித்துத் திரும்பியது. அதற்குள் கறுப்புப் பெட்டி வந்து நிதானமாக, அவசரமே இல்லாமல், தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டது.

"உங்க நாய்க்குக் காலு சுளுக்கிடுச்சு போல! எண்ணெய் தடவி விடுங்கடா!" என்று ஸ்ஃபாக்ஸ் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் இடைவெளி. வஜ்தி ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"நெஸ்ரீன், காத்துல ஏதோ இருக்கு. அலைவரிசையப் பாரு."

"காலையிலேயே பாத்துட்டேன். ஆறு சுத்தமா இருந்துச்சு."

"அது காலையில. இப்பப் பாருன்னு சொல்றேன்."

"பத்தவைப்பு விட்டிருக்கும்டா. நான் பத்தவச்சது எனக்குத் தெரியாதா? அந்த ஆன்டெனா மூட்டு எனக்கு நேத்துலேருந்தே சந்தேகம். திருப்பிப் போடு. திருகாணியக் கழட்டு, சீக்கிரம்!"

அவள் சுபாவம் அப்படி. எது கெட்டாலும் தன் கை செய்த பிழை என்றே முதலில் நினைப்பாள். அது ஒரு வகையில் நல்ல குணம்தான். வேறொரு வகையில் பார்த்தால் அதுவும் ஒரு கர்வம். இரண்டு நிமிடத்தையும் நன்றாக இருந்த ஒரு மூட்டைச் சுரண்டி மறுபடி பற்றவைப்பதில் செலவழித்தாள். விரல் பொசுங்கியது. ஸுஹைர் மூடியைப் பூட்டினான். மூடியைத் திறந்து மூடிய நேரத்தில் பத்துத் தடவை போனைப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஸ்லூகி நகரவே இல்லை.

ஒரே ஒரு தடவை வெடுக்கென்று முன்னால் ஒரு சாண் போய், அப்படியே நின்றது. ஸ்ஃபாக்ஸ் ரோபோவை ஓட்டிய பையன் ஏதோ தந்திரம் என்று நினைத்துச் சற்றுத் தயங்கினான். தந்திரம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வந்தான். குப்பைக் கூடையை வாசலுக்குத் தள்ளுகிற மாதிரி தள்ளினான். வஜ்தி அதற்குப் பிறகும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தான். வெளியே விழுந்த பிறகு, மெதுவாக, ஸ்லூகியின் சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின. கேட்ட கட்டளை அப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

அரங்கமே ஸ்ஃபாக்ஸ் பெயரைச் சொல்லிக் கத்தியது. நெஸ்ரீன் தங்கள் அணி மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கை மட்டும் தானாகப் போனை எடுத்தது. இடைவெளியிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தது.

ஆறாம் அலைவரிசையில், எல்லாவற்றுக்கும் மேலே, கிட்டத்தில் நின்று காதில் கத்துகிற பலத்தோடு ஒரு பெயர் இருந்தது. அனீஸ். பூட்டு இல்லாதது.

அவள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் பைத்தியம் மாதிரி ஒரு சந்தோஷம், அண்ணன் பெயரைப் பார்த்ததும் எப்போதும் வருவது. அதற்குப் பின்னால்தான் புரிந்தது. எட்டுப் பேர் அந்த ஒரு போனில் தொங்கிக்கொண்டு ஊருக்குப் படம் அனுப்புகிறார்கள். அதற்குள் அம்மா மிலானுக்குப் படம் காட்டுகிறாள். வட்டத்திலிருந்து பத்தடி. பூட்டை எடுத்தது யார்? நான். காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போதும் என்று இருந்தது யார்? நான்.

ஒன்றே ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. போனது போயிற்று. அம்மாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள். பிழைப்பாள், ஆனால் அப்புறம் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டாள்.

மேலே வஜ்தியின் குரல் கேட்டது. "திருட்டுப் பசங்க! அலையை அடைச்சுட்டாங்க சார்! எங்கேயோ ஒரு பெட்டிய ஒளிச்சு வச்சுருக்காங்க. முறையீடு பண்றேன். எழுதிக்குங்க!"

ஸ்ஃபாக்ஸ் அணிக்காரன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். மெத்லாவி எழுந்தது, ஸ்ஃபாக்ஸ் எழுந்தது. மொன்ஸெஃப் ஐயா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிரித்தார். நெஸ்ரீன் ஓடி வந்து வஜ்தியின் கையைப் பிடித்துத் தனியே இழுத்தாள்.

"முறையீட்ட வாபஸ் வாங்கு."

"என்னது?"

"வாங்குடா. தோத்துட்டோம். விடு."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வெளியாள் அலையடைச்சான்னு நிரூபிச்சா மூணாவது ஆட்டம் திருப்பி நடக்கும். விதி இருக்கு! உன் அண்ணன் உனக்கு வேண்டாமா?"

"வேண்டாம்" என்றாள்.

வஜ்தி அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஸ்ஃபாக்ஸ்காரன் உன்கிட்ட என்ன சொன்னான்? நேராச் சொல்லு. எதையாச்சும் வாங்கிட்டியா?"

அந்த வார்த்தை சுட்டது. ஆனால் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவள் அவனை விட்டுவிட்டு நடுவர் மேசைக்குப் போனாள்.

மொன்ஸெஃப் ஐயாவின் லேப்டாப் ஆட்டம் நடந்த ஒவ்வொரு வினாடியும் காற்றில் யார் யார் கத்தினார்கள் என்று பதிந்து வைத்திருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மைக்கோடு ஃபத்ஹி, கழுத்தை நீட்டி அவனும் படித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்ஃபாக்ஸ் பசங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அவர். "ஆறுல வேற ஒருத்தர் இருந்திருக்காங்க. மொதல் ஆட்டம் முடிஞ்சதுலேருந்து."

"அது என்னோடது சார்" என்றாள் நெஸ்ரீன் தாழ்ந்த குரலில். "என் போன். நான்தான் அணைக்க மறந்துட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் போன் உன் கையில இருக்கு. அதுல நெட்டே ஓடலயே."

"எழுதிக்குங்க சார். என் தப்புதான் சார். பேர மட்டும் வெளியில சொல்லாதீங்க. உங்க காலப் பிடிக்கிறேன்."

அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாடி, உன் கூட்டாளி ஆயிரம் பேர் முன்னாடி இந்தப் பசங்களத் திருடன்னு சொல்லிட்டான். ஆயிரம் பேர் முன்னாடிதான் அதக் கழுவணும். சொந்தப் பக்கத்து ஆள்னா ஆட்டம் திருப்பி நடக்காது, ஆனா பேரைச் சொல்ல வேண்டியதில்ல. உங்க பக்கத்து ஆள்னு மட்டும் நான்..."

அவர் நல்ல மனிதர். வாக்கியத்தை முடித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். கல்யாண வீட்டில் காணாமல் போன செருப்புக்கெல்லாம் அறிவிப்புக் கொடுத்துப் பழகிய ஃபத்ஹிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. திரையில் பெயரைப் பார்த்தான், மைக்கை வாயில் வைத்தான். இந்த முறை எல்லோருக்கும் புரிகிற பேச்சிலேயே கேட்டான்.

"அன்பர்களே! ஒரு சின்ன அறிவிப்பு! 'அனீஸ்'ங்கிற பேர்ல நெட் பகிர்ந்துக்கிட்டு இருக்கிற போன் யாரோடது? இருந்தா கையத் தூக்குங்க!"

நெஸ்ரீன் ஓடினாள். நாற்காலி ஒன்றைத் தள்ளிவிட்டு, வலைத் தடுப்பைத் தாண்டி ஓடினாள். ஆனால் மப்ரூக்கா ஏற்கெனவே எழுந்துவிட்டாள். தோல்வியில் முகம் வாடி உட்கார்ந்திருந்தவள், தன்னால் ஆகிற காரியம் ஒன்று இந்த அரங்கத்தில் இருக்கிறது என்று கேட்டதும் முகம் தெளிந்து எழுந்தாள். எல்லோரும் பார்க்கும்படி போனை உயர்த்திப் பிடித்தாள்.

"இங்க இருக்குப்பா! என்னோடதுதான்! யாருக்கு நெட் வேணும்? எடுத்துக்கச் சொல்லுங்க, பூட்டெல்லாம் கிடையாது. இன்னும் மூணு ஜீபி கிடக்கு!"

ஸ்ஃபாக்ஸ் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. வஜ்தி வாய் திறந்தபடி நின்றான். மெத்லாவி வரிசைகளில், கையில் போனோடு இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்கள். மத்தளக்காரன் மத்தளத்தைக் கால் நடுவில் மறைத்துக்கொண்டான். யாரும் மப்ரூக்காவைப் பார்க்கவில்லை.

நெஸ்ரீன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி எல்லாரும் இப்படி இருக்காங்க?" என்றாள் அம்மா. கை இன்னும் மேலேதான் இருந்தது. "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா? அவருதானே கேட்டாரு?"

"ஒண்ணுமில்லம்மா. உக்காரு."

"ஒண்ணுமில்லேன்னா எதுக்கு ஓடி வந்தே?"

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. கிடங்கின் இரைச்சலுக்கு நடுவில், அறுந்து அறுந்து. "அம்மா? குட்டி இருக்காளா அங்க? எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா, படம் நின்னு நின்னு வருது. என்னாச்சு? ஜெயிச்சாச்சா? எப்ப வர்றா?"

மப்ரூக்கா போனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், நடுவர் மேசையைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. உயர்த்திய கை மெல்ல இறங்கி இடுப்பில் இருந்த பையின் மேல் விழுந்தது.

நெஸ்ரீன் அவள் விரல்களைப் பிரித்துப் போனை வாங்கினாள். கட்டை விரலால் ஓரிடத்தில் தொட்டு, பகிர்வதை அணைத்தாள். ஒரு நொடிதான் ஆயிற்று.

"ஆங், இப்பத் தெளிவாத் தெரியுது" என்றான் அனீஸ். "உன் மூஞ்சி நல்லாத் தெரியுது. ஏய் குட்டி, ஏன் அழற?"